அட்மின்களே, அந்தக் குரல் பதிவை அழித்துவிடுங்கள்

பினாங்குத் தமிழர் வாட்ஸ்அப் குழுக்களை நடத்தும் அட்மின்களுக்கு வணக்கம்.

வெள்ளை வேன் கதை உங்களுக்குத் தெரியும், உங்கள் குழுக்களில்தான் சுற்றியது. "பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கான், எல்லாருக்கும் அனுப்புங்க" என்று ஒரு பெண்ணின் குரல், கூடவே பதிவு எண் பளிச்சென்று தெரிய ஒரு வேனின் படம். அந்த வேன் எங்களுடையது. ஓட்டுவது என் அண்ணன். நாங்கள் டோபிக்கடைக்காரர்கள்.

அன்று சனிக்கிழமை. ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் கீழே பத்துப் பதினைந்து பேர் அண்ணனைச் சூழ்ந்துகொண்டார்கள். சாவியைப் பிடுங்கிப் பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவை கல்யாண மண்டபத்து மேசைவிரிப்புகள். கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, பத்துப் பத்தாகக் கட்டி வைத்தவை. ஒவ்வொரு கட்டாக இழுத்து மழைத்தண்ணீரில் போட்டார்கள். கடைசிக் கட்டும் வெளியே வந்த பிறகு ஒருவர், "சரி சரி, போங்க" என்றாராம். மன்னிப்பு என்று கிடைத்தது அவ்வளவுதான். அண்ணியும் நானும் இரவு 2 மணி வரை மறுபடி துவைத்தோம். பக்கத்து வீட்டுக் குழந்தை வாசலுக்கு வந்தால் அண்ணன் இப்போது எழுந்து உள்ளே போய்விடுகிறார். முன்பெல்லாம் அதற்கு மிட்டாய் எடுத்து வைத்திருப்பார்.

போலீஸில் ரிப்போர்ட் கொடுத்தாகிவிட்டது. உங்களில் ஒருவரிடம் பதிவை நீக்கச் சொன்னேன். கைகூப்பிய பொம்மை ஒன்று வந்தது. பதிவு அங்கேயே இருக்கிறது.

யார் போட்ட செய்தியையும் எல்லாருக்குமாக அழிக்கும் வசதி அட்மினுக்கு 2022 முதல் உண்டு. அழித்துவிடுங்கள். அது பொய் என்று அதே குழுவில் ஒரு வரி போடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

பலமுறை பகிர்ந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஒரு ஆளுக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் 2020இல் கட்டுப்பாடு போட்டது. நம் ஆட்கள் விடுவார்களா? இறக்கி, புதிதுபோல் ஏற்றி அனுப்புகிறார்கள். வெந்தயத் தண்ணீர் சர்க்கரை நோயை ஒழித்துவிடும் என்பதும் இப்படித்தான் வருடக்கணக்காக உயிரோடு இருக்கிறது. ஆனால் யாராவது முறுக்கு விற்பனை விளம்பரம் போட்டால் மட்டும் இரண்டே நிமிடத்தில் தூக்கிவிடுகிறீர்கள். கை வேகம் இல்லை என்று யார் சொன்னது!

மன்னிக்கவும், கோபம் எங்கோ இழுத்துப் போகிறது. மிரட்டவும் வரவில்லை. ஆனாலும் மலேசியச் சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். நிர்வாகி என்று பெயர் காட்டிக்கொள்பவரே வெளியிட்டவர் என்று அது அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. இணையத்தில் பொய்ச் செய்தி பரப்புவதற்கு எதிரான தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவின் அபராதமும் 2025 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை போகலாம்.

தயவுசெய்து அந்தப் பதிவை அழித்துவிட்டு, மறுப்பையும் போட்டுவிடுங்கள். திங்கட்கிழமை அதே வேனில், அதே பதிவு எண்ணோடு, அண்ணன் பாயான் பாருவுக்குத் துணி கொண்டுபோக வேண்டும். அதற்குள் செய்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
டோபிக்கடைத் தங்கை