ஊர் வரலாறுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் துல்சா என்னும் நகரில் வாழும் என் பெறாமகள் அண்மையில் ஒரு மரத்தின் படத்தை அனுப்பியிருந்தாள். ஆர்கன்சாஸ் ஆற்றுக்கு அருகே, நகரத்து வீதிகளுக்கிடையில் ஒரு சிறிய பூங்காவில் நிற்கும் பழைய ஓக் மரம் அது. தங்கள் நகரம் அந்த மரத்தடியில்தான் தொடங்கியதென்று அங்குள்ளோர் சொல்வதாக அவள் எழுதியிருந்தாள். அந்த மரத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, வன்னியில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது என்று எனக்குப் பட்டது.

இன்றைய அலபாமா மாநிலத்தில், தல்லபூசா ஆற்றை அண்டிய நாட்டில், மஸ்கோகி என்னும் பழங்குடி மக்களின் லோச்சபோக்கா என்ற ஊர் இருந்தது. ஆமைகள் வாழும் இடம் என்பது அப்பெயரின் பொருள். தல்லாசி என்ற தாயூரிலிருந்து பிரிந்துவந்த குடியிருப்பு அது. மஸ்கோகி மக்களுக்கு ஊர் என்றால் முதலில் ஊர்ச் சதுக்கத்தின் நடுவில் எரியும் தீயே நினைவுக்கு வரும். ஆண்டுதோறும் சோளம் முற்றும் கோடைகாலத்தில் பழைய தீயை அணைத்துப் புதுத்தீ மூட்டி விழா எடுப்பார்கள். அந்த விழா முடியும்வரை புதுச்சோளத்தை வாயில் வைக்கமாட்டார்கள். தைப்பூசத்தில் புதிர் எடுக்காமல், அதாவது முதற்கதிரைக் கொய்து வழிபடாமல், புது அரிசியை உலையில் இடாத நம் வயற்குடும்பங்களுக்கு இவ்வழக்கத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1830ஆம் ஆண்டு, சனாதிபதி அன்ட்ரூ ஜாக்சனின் காலத்தில், பழங்குடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் அகற்றுவதற்கான சட்டம் நிறைவேறியது. 1832இல் செய்துகொண்ட உடன்படிக்கையில், அதுவரை ஊருக்குப் பொதுவாக இருந்த நிலம் குடும்பத் தலைவர் ஒருவருக்கு 320 ஏக்கர் வீதம் துண்டாடப்பட்டது. பார்வைக்கு இது உரிமை வழங்குவதுபோலத் தோன்றும். ஆனால் நடந்தது வேறு. எழுத்தறியாதவர்களிடம் கைநாட்டு வாங்கியும், ஆள்மாறாட்டம் செய்தும், கடனில் சிக்கவைத்தும் நில வணிகர்கள் நான்கே ஆண்டுகளில் அக்காணிகளில் பெரும்பகுதியைப் பறித்துக்கொண்டார்கள். பசியும் கலகமும் மூண்ட 1836இல் இராணுவம் ஆயிரக்கணக்கான மஸ்கோகி மக்களை, சிலரைச் சங்கிலியில் பிணைத்தே, மேற்கு நோக்கி நடத்திச் சென்றது. வழியிலேயே பலர் மாண்டனர். அதே 1836இல்தான் அந்த நிலப்பகுதியில் வெள்ளையர் குடியேறி, இன்று பல்கலைக்கழக நகரமாக விளங்கும் ஓபர்னை நிறுவத் தொடங்கினார்கள். அந்நகருக்குப் பக்கத்தில் லோச்சபோக்கா என்ற பெயரில் ஒரு சிற்றூர் இன்றும் உண்டு. பெயர் அங்கே தங்கிவிட்டது, பெயரை வைத்தவர்கள் போய்விட்டார்கள்.

புறப்பட்டபோது லோச்சபோக்கா மக்கள் தங்கள் ஊர்த்தீயின் சாம்பலையும் உடன் எடுத்துச் சென்றார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஆர்கன்சாஸ் ஆற்றங்கரை மேட்டில், அந்த ஓக் மரத்தடியில், அச்சாம்பலை இட்டுப் புதுத்தீ மூட்டித் தங்கள் ஊரை மறுபடி நிறுவினார்கள். தாயூரான தல்லாசியின் பெயரே பின்னர் துல்சா எனத் திரிந்தது. தொடருந்து வந்து, எண்ணெய் கண்டு, நகரம் பெருத்து, அவர்களது நிலம் மீண்டும் ஒருமுறை துண்டாடப்பட்டுக் கைமாறியபோதும் மரம் வெட்டப்படாமல் நின்றது. 2020ஆம் ஆண்டு யூலை மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றம், உடன்படிக்கைப்படி மஸ்கோகி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒருபோதும் கலைக்கவில்லை என 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. குற்றவியல் அதிகாரம் பற்றிய தீர்ப்பாகையால் தனியார் காணிகள் கைமாறவில்லை என்றாலும், 19ஆம் நூற்றாண்டின் உடன்படிக்கைப் பத்திரங்கள் அந்த மன்றில் எடைபோடப்பட்டன என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்போது நம்மிடம் வருகிறேன். 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பியபோது, பதிவுப் படிவத்தில் எங்கள் குடியிருப்பின் பெயர் இருக்கவில்லை. பக்கத்து ஊரின் பெயரையே எழுதச் சொன்னார்கள். காணி உறுதியும் அனுமதிப்பத்திரமும் இடம்பெயர்வில் தொலைந்தவர்கள் எத்தனையோ பேர். எனினும் குளத்து மதகான துருசு எங்கே இருந்தது, குளம் நிரம்பிக் கலிங்கால் பாய்ந்த நீர் எந்த வயலுக்குப் போனது, பாழ்பட்ட சிறுகுளங்களின் பெயர்கள் என்ன, எந்த மருதமரத்தடியில் பொங்கல் வைத்தார்கள் என்பதெல்லாம் எண்பது வயது கடந்த சில மூத்தவர்களின் நினைவில் இன்னமும் இருக்கின்றன. வற்றாப்பளை அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபைக் காத்துவரும் முல்லைத்தீவு மாவட்டம் இது. ஊர்களின் வரலாற்றையும் அதே கவனத்தோடு காப்பது நமக்கு இயலாததன்று.

எனவே தங்கள் பத்திரிகை வாரத்தில் ஒருநாள், வன்னியின் ஓர் ஊரைப் பற்றி அவ்வூர் மூத்தவர்கள் சொல்பவற்றை வெளியிட அரைப்பக்கமேனும் ஒதுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய நிகழ்வுகளைவிட, குளம், வாய்க்கால், கோயில், பாடசாலை, சுடலை ஆகியவற்றின் பெயர்களுக்கே அப்பக்கத்தில் முதலிடம் தரவேண்டும். பிற்காலத்தில் ஒருவர் ஓர் ஊரைத் தேடி வரும்போது கைகொடுப்பவை அவையே. பாடசாலை மாணவர்கள் தங்கள் அம்மம்மா, அப்பப்பாவிடம் கேட்டு எழுதி அனுப்பினால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்பைச் சூழ்ந்திருந்த சிறுகுளங்களின் பெயர்களை, என் தாயார் சொல்லக் கேட்டு எழுதி வைத்திருந்த வரிசையிலேயே, இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுநிலை ஆசிரியர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.