ஆடு புலிக்கு எந்த மொழி?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ஆடு புலி ஆட்டத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவரப் போகிறாய் என்று படித்ததில் மிக்க மகிழ்ச்சி. அதற்காகவே சி++ என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்குவதாக நீ எழுதியிருப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை.

பெரிய விளையாட்டுகளை சி++ மொழியில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. திரையை நொடிக்கு 60 முறை வரைய வேண்டுமென்றால், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது ஏறக்குறைய 16 மில்லிநொடிதான். அதற்குள் எண்ணற்ற பொருள்களின் அசைவையும் மோதலையும் ஒளியையும் கணக்கிட வேண்டியிருப்பதால், நினைவகத்தை எப்போது விடுவிப்பது என்பது வரை நிரலாளர் தம் கையிலேயே வைத்துக்கொள்கிறார். உன் ஆட்டத்திலோ 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. ஆடுபவர் காயை நகர்த்தும் வரை கைப்பேசி சும்மாதான் இருக்கும். மைன்கிராஃப்ட் என்ற பெரிய விளையாட்டே 2009இல் ஜாவா மொழியில் எழுதப்பட்டு வெளிவந்ததுதான். 2014இல் மைக்ரோசாஃப்ட் அதன் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. 2024இல் பெரும் வெற்றி பெற்ற பலாட்ரோ என்ற சீட்டு விளையாட்டு லுவா என்ற எளிய மொழியில் எழுதப்பட்டது.

உனக்கு வேகத்தைவிடத் தமிழ்தான் முக்கியம். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடில் 'கொ' என்பது ககரமும் அதன்பின் ஒரே குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அக்குறி கொம்பாகவும் காலாகவும் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இதை அறியாத கருவியில் உன் விதிமுறைப் பக்கம் முழுவதும் சிதைந்து தெரியும். 2023இல் வெளியான கோடோ 4 என்ற விளையாட்டு உருவாக்கும் கருவி இதைச் சரியாகச் செய்கிறது, கட்டணமும் இல்லை. அதற்கென உள்ள ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைத்தானை ஒத்தது என்பதால், அலுவலகத்தில் நாள்தோறும் பைத்தான் எழுதுகிற உனக்கு விரைவில் பழகிவிடும். (என் மகள் ரோப்லாக்ஸ் என்ற விளையாட்டுத் தளத்துக்காக, லுவாவிலிருந்து வந்த லுவாவு (Luau) மொழியைக் கற்கிறாள், மொழியைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை, ஆட்டம் எது கேட்டதோ அதை எடுத்துக்கொண்டாள்.)

தொடங்கும்போது ஒன்றில் மட்டும் கவனமாக இரு. கோடுகள் சாய்ந்து செல்வதால், புலி ஆட்டைத் தாண்டுவதைக் கட்டத்தின் வரிசை எண்களை வைத்துக் கணக்கிட முயலாதே. ஒரே கோட்டில் அடுத்தடுத்து வரும் மும்மூன்று புள்ளிகளை ஒரு பட்டியலாக எழுதிக்கொள். முதலாவதில் புலி, நடுவில் ஆடு, மூன்றாவது காலி என்றால் வெட்டலாம். அந்தப் பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்பு, சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
இரவி