பரிசு விழுந்தால் பணம் கட்ட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வங்கியில் 31 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். திருவல்லிக்கேணியில் எங்கள் தெருவில் இருக்கும் மூத்தவர்கள் வாழ்நாள் சான்று, வருமான வரிக் கணக்கு, வைப்புத்தொகைப் படிவம் என்று ஏதாவது ஒரு காரியமாக என் வீட்டுக்கு வருவது வழக்கம். சென்ற மாதம் அப்படி வந்த ஓர் அம்மாள், மஞ்சள் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து என் முன்னே வைத்தார். ஆதரவற்ற குழந்தைகளுக்காக நடத்தப்பட்ட குலுக்கலில் அவருடைய கைப்பேசி எண்ணுக்கு 8 லட்சம் ரூபாய் பரிசு விழுந்திருப்பதாகவும், அதைப் பெறுவதற்கு வரியும் செயலாக்கக் கட்டணமுமாக 12,500 ரூபாயை முன்னதாகச் செலுத்த வேண்டும் என்றும் உள்ளே இருந்த கடிதம் கூறியது. அடியில் ஊதா மையில் வட்ட முத்திரை. அதன் மேல் கோணலாக ஒரு கையெழுத்து. மேல் மூலையில் ரிசர்வ் வங்கியின் சின்னத்தைப் போல ஒன்று. ரிசர்வ் வங்கியின் சின்னத்தில் புலிக்குப் பின்னால் ஒரு பனைமரம் நிற்கும். இந்தக் கடிதத்தில் புலி மட்டும் இருந்தது, மரத்தைக் காணோம்.

அந்த 12,500 ரூபாயை அவர் பேரனின் கைப்பேசி வழியாக ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். இப்போது ஜிஎஸ்டி என்று சொல்லி இன்னும் 31,000 ரூபாய் கேட்கிறார்களாம். அதற்காக வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுப்பது எப்படி என்று கேட்கத்தான் வந்திருந்தார். "நாம சீட்டே வாங்கலையேன்னு எனக்கும் தோணிச்சு சார். ஆனா தர்மத்துக்கு நடத்துறவங்க ஏமாத்துவாங்களா?" என்றார். அறம் என்ற சொல்லுக்கு நம் மக்களிடம் இருக்கும் மரியாதையே இங்கே தூண்டில் முள்ளாகியிருக்கிறது என்பதுதான் இந்தக் கடிதத்தை என்னை எழுத வைத்தது.

நம் மாநிலத்தில் லாட்டரி பற்றிய அனுபவ அறிவு ஒரு தலைமுறையோடு நின்றுபோய்விட்டது. 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு அரசின் பரிசுச்சீட்டு தொடங்கப்பட்டது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வாசகம் என் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. என் தந்தை சீட்டை ரேஷன் அட்டைக்குள் வைத்திருந்து, முடிவு வெளியான நாளிதழை விரித்து, எண்ணின் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி ஒத்துப் பார்ப்பார். சீட்டில் அச்சிட்ட எண், குலுக்கல் தேதி, பரிசைக் கோர வேண்டிய கெடு ஆகியவை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தன. 2003-இல் தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அந்தத் தடையால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. அதை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு ஓர் உண்மையான பரிசு எப்படி வரும், யார் தருவார்கள் என்பதே தெரியாமல் போய்விட்டது. போலிகள் நுழைந்தது அந்த இடைவெளியில்தான்.

இந்தியாவில் லாட்டரியை மாநில அரசுகள் மட்டுமே நடத்தலாம். 1998-ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, சீட்டை மாநில அரசே தன் இலச்சினையுடன் அச்சிட வேண்டும். குலுக்கலும் அந்த மாநிலத்துக்குள்தான் நடக்க வேண்டும். உரிய காலத்துக்குள் கோரப்படாத பரிசுத்தொகை அரசையே சேரும். ஆகவே சீட்டு வாங்காத ஒருவரின் கைப்பேசி எண்ணுக்கு லாட்டரி விழுவது என்ற ஒன்று இந்நாட்டில் கிடையாது. வெளிநாட்டு லாட்டரி என்று சொன்னாலும் ஒப்ப முடியாது. லாட்டரிச் சீட்டு வாங்குவதற்காக இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை 2000-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் தடுத்திருக்கின்றன.

அறப்பணிக்கான லாட்டரி எப்படி இருக்கும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தையே பார்க்கலாம். கேரள அரசு 2011-இல் காருண்யா லாட்டரியைத் தொடங்கியது. அதன் வருவாய், புற்றுநோய், இதயநோய், சிறுநீரகக் கோளாறு போன்றவற்றால் அவதிப்படும் ஏழைகளின் சிகிச்சைக்கான நிதிக்குச் செல்கிறது. பாலக்காட்டுக்கும் சபரிமலைக்கும் போய்வரும் சென்னைவாசிகள் சிலர் அந்தச் சீட்டை வாங்கி வருவதும் உண்டு. பரிசு விழுந்தால் குலுக்கல் நடந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும். சிறு தொகையை ஏஜென்ட்டே தந்துவிடுவார். தொகை கூடக்கூட மாவட்ட லாட்டரி அலுவலகம், திருவனந்தபுரத்தில் உள்ள இயக்குநரகம் என்று போக வேண்டும், அல்லது வங்கி மூலம் அனுப்ப வேண்டும். அரசிதழில் வெளியான எண்ணோடு சீட்டை ஒத்துப் பார்த்து, பின்பக்கத்தில் பெயர், முகவரி எழுதிக் கையொப்பமிட்டு, சீட்டின் இருபக்க நகல், சான்றொப்பம் பெற்ற புகைப்படம், அடையாளச் சான்று, பான் அட்டை நகல் ஆகியவற்றோடு கொடுக்க வேண்டும். கிழிந்தோ எண் சிதைந்தோ போன சீட்டுக்குப் பணம் கிடைப்பது அரிது. கவனித்துப் பாருங்கள்: இதில் எந்தப் படியிலும் பரிசு பெற்றவரைத் தேடி ஒருவரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. சீட்டை வைத்திருப்பவர்தான் அலுவலகத்தைத் தேடிப் போகிறார்.

வரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடிக்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் சொல் அதுதான். 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட லாட்டரிப் பரிசில் 30 சதவீத வருமான வரியைப் பரிசு தருபவரே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். ஒரு கோடி ரூபாய்ப் பரிசு என்றால் கேரளத்தில் முதலில் ஏஜென்ட்டின் கமிஷன் கழியும், அதை 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மீதி 90 லட்சத்தில் 27 லட்சம் வரியாகப் போகும், கைக்கு வருவது 63 லட்சம். கல்வி, சுகாதாரத் தீர்வையும் 50 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கான மேல்வரியும் கணக்குத் தாக்கல் செய்யும்போது தனியாகக் கட்ட வேண்டியவை. வேறு வருமானமே இல்லாத மூத்த குடிமக்களுக்கும் இந்தத் தொகைக்கு அடிப்படை விலக்கு வரம்பு கிடையாது. எவ்வளவு கழிந்தாலும் அது பரிசிலிருந்து கழிகிறதே தவிர, உங்கள் சேமிப்பிலிருந்து எவரும் கேட்பதில்லை.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. நேர்மையாகச் சொல்வதானால் அதையும் சொல்லியாக வேண்டும், அதை அறியாதவரைத்தான் எளிதில் குழப்புகிறார்கள். பரிசு காராகவோ நகையாகவோ இருந்தால், அதில் பிடித்தம் செய்யப் பணம் இல்லை என்பதால், வரி செலுத்தப்பட்டதை உறுதிசெய்த பிறகே பொருளை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வரி அரசுக் கணக்குக்கு, சலான் மூலம், பரிசு பெற்றவரின் பான் எண்ணில் செலுத்தப்படும். அவருடைய வரிப் பதிவிலும் அது தெரியும். முன்பின் அறியாத ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பும் பணம் ஒருநாளும் வரி ஆகாது. ரிசர்வ் வங்கி தனிமனிதர் எவருக்கும் கணக்கு வைத்திருப்பதில்லை, யாருக்கும் பரிசுப் பணம் அனுப்புவதும் இல்லை.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் கட்டட நிதிக்கென்று பழைய மாணவர்கள் சிலர் 100 ரூபாய் கூப்பன் விற்றார்கள். முதல் பரிசு ஸ்கூட்டர். நான் ஐந்து வாங்கினேன். குலுக்கல் தேதி மூன்று முறை தள்ளிப் போயிற்று, பிறகு பேச்சே இல்லை. கூப்பன்கள் இன்னும் என் டைரியில் இருக்கின்றன. அவற்றில் நடத்துபவரின் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, பரிசை எங்கே, எந்த நாளுக்குள் கோருவது என்பதும் இல்லை. கட்டடம் எழும்பியதா என்றும் எவரும் சொல்லவில்லை. அரசு நடத்தாத, அரசின் அனுமதியும் பெறாத லாட்டரிக்கு அலுவலகம் வைத்து நடத்துவது நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 297-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை அவர்களும் அறியவில்லை, வாங்கிய நானும் அன்று எண்ணிப் பார்க்கவில்லை. இதை வங்கியில் வேலை பார்த்தவனே ஒப்புக்கொள்வது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிரிட்டனில் தொண்டு அமைப்புகள் லாட்டரி நடத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் விற்பனைத் தொகையில் குறைந்தது 20 சதவீதம் அறப்பணிக்கே செல்ல வேண்டும் என்றும், பொதுமக்களுக்கு விற்கும் சீட்டில் அமைப்பின் பெயர், விலை, நடத்துபவரின் பெயரும் முகவரியும், குலுக்கல் தேதி ஆகியவை இருக்க வேண்டும் என்றும் அவர்களுடைய 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அந்த முறையை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அனுமதியோடு நடப்பதற்கே அங்கு இத்தனை நிபந்தனை என்றால், நம் ஊரில் அனுமதியே இல்லாமல் கோயில் திருப்பணி, பள்ளிக் கட்டடம், மருத்துவ உதவி என்று கைமாறும் கூப்பன்களைக் கேட்க ஒருவருமில்லை என்பதுதான் என் வருத்தம்.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். காவல் துறையினர் இத்தகைய கூப்பன் விற்பனையைக் கண்டால் அனுமதி ஆணையைக் கேட்க வேண்டும்; நிதி திரட்டுவோர் பரிசு ஆசை காட்டாமல் ரசீது கொடுத்து நன்கொடையாகவே பெறட்டும், நம் மக்கள் கொடுப்பார்கள். தங்கள் நாளிதழ், முதியோர் படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில், பரிசுத் தொகை பெறும் முறையையும் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐயும் மாதம் ஒருமுறையாவது கட்டம் கட்டி வெளியிட வேண்டும். பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் அந்த எண்ணில் புகார் செய்தால் வங்கிகளால் அதை இடையில் நிறுத்தி வைக்க முடியும். எங்கள் தெரு அம்மாள் என்னிடம் வந்தது ஒன்பதாம் நாள். வைப்புத்தொகை தப்பியது, 12,500 ரூபாய் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவல்லிக்கேணி, சென்னை – 5.