மோட்டாரின் சாய்வையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மேட்டூர் அணையின் பின்தண்ணீரில், ஏரியூர் அருகே நாகமரைக் கரையில் மீன் பிடிக்கிறவன் நான். பரிசலில் தொடங்கி, இப்போது 9.9 எச்.பி. (குதிரைத்திறன்) அவுட்போர்டு மோட்டாரைப் பின்பக்கம் வெளியே மாட்டிய ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். இங்கே மோட்டார் வாங்குகிறவரிடம் எல்லோரும் கேட்பது எத்தனை எச்.பி. என்றுதான். எந்தச் சாய்வில் மாட்டியிருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

அணைத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலையின் தலை வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் இறங்கியிருந்த ஒரு கோடை. விடியற்காலையில் ஐஸ் பெட்டி, வலை, நான் எல்லாம் பின்பக்கம். முறுக்கினால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது, வேகம் மட்டும் வரவில்லை. தூக்கிய மூக்குக்கு நேர் முன்னால் ஒருவர் பரிசலில் வலை எடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. அவர் போட்ட சத்தத்தில்தான் திருப்பினேன். ஒரு முழ இடைவெளி இருந்திருக்கும்.

எஞ்சினில்தான் கோளாறு என்று கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், பலனில்லை. அப்புறம் கடலூர்ப் பக்கம் தொழில் செய்யும் என் சகலை வந்து பார்த்தார். மோட்டாரை அணைத்துவிட்டு, அதைத் தாங்கும் பிடியில் வரிசையாக உள்ள ஓட்டைகளில் செருகியிருந்த கம்பிப் பின்னைக் கழற்றி, படகை ஒட்டிய அடுத்த ஓட்டையில் மாட்டினார். ஐஸ் பெட்டியை நடுவுக்கு நகர்த்தினார். மூக்கு தாழ்ந்தது. 2 லிட்டர் பெட்ரோலில் 3 நடை போனவன் 4 நடை போகிறேன்.

மோட்டாரின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் விசிறி உள்ள பகுதி, படகைவிட்டு அதிகம் விலகி நின்றால், விசிறியின் பலத்தில் ஒரு பகுதி படகின் பின்பக்கத்தை அமுக்குவதிலேயே போய்விடும். இன்னும் விலகினால் படகு குதிக்கும், விசிறி காற்றை இழுத்து எஞ்சின் வெறுமனே அலறும். ரொம்ப ஒட்டி வைத்தாலும் தவறுதான்: மூக்கு தண்ணீரை உழும், திருப்பும் கை கனக்கும். பாரம் மாறினால் சரியான ஓட்டையும் மாறும். ஒவ்வொரு ஓட்டையாக மாற்றி ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

மீன்வளத் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் எங்கள் கரைக்கு வந்து, பாரம் ஏற்றிய படகிலேயே இதை ஒரு காலை நேரம் செய்து காட்ட வேண்டும். பரிசல்காரரும் மோட்டார்காரரும் ஒரே தண்ணீரில்தான் தொழில் செய்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மீனவர்,
நாகமரை, தருமபுரி மாவட்டம்.