115லேயே தொடங்குகிறது கணக்கு

ஆசிரியருக்கு,

"வயது 66, ரத்த அழுத்தம் 138, நார்மல்தானே?" என்று சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் கோப்பியோடு பேசித் திரிந்தவன் நான். 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வை மகள் வாசித்துக் காட்டினாள். பத்து லட்சம் பேர், 61 ஆய்வுகள். 40 முதல் 69 வயதுவரை, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 115லிருந்து ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலோ இதய நோயாலோ இறக்கும் அபாயம் இரட்டிப்பாகிறதாம்.

ஒரே ஒருநாள் அளவை நம்பினால் அபாயம் குறைவாகவே தெரியும் என்று, ஏற்ற இறக்கத்துக்கும் திருத்தம் செய்திருக்கிறார்கள். நானோ, மருந்தகத்துக்குப் போகும் வாரம் மட்டும் ஊறுகாயைத் தொடமாட்டேன்! சரி, இப்போது வீட்டிலேயே காலை மாலை அளந்து நோட்டில் எழுதுகிறேன். உங்கள் நாளிதழில் 'நார்மல்' எண்ணைப் போடும்போது இந்த 115ஐயும் போடுங்களேன்.

- ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், ஈசூன்