தேனீப் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் வைத்த தேனீப் பெட்டி இரண்டே மாதத்தில் காலியாகிவிட்டது. அடையின் அறைகளில் தேனீப் புழுக்கள் தலையை நிமிர்த்தியபடி, நீர் கோத்த பைபோலச் செத்துக் கிடந்தன. தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) வைரஸின் அடையாளம் இது. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பெட்டிகளில் வளர்க்கும் நாட்டு இனமான அடுக்குத் தேனீக்களை வாரிக்கொண்டு போன அதே நோய். இதற்கு மருந்து கிடையாது. இத்தாலியத் தேனீக்களை வதைக்கும் வரோவா உண்ணியை நம் அடுக்குத் தேனீ ஓரளவு சமாளித்துவிடும். இந்த வைரஸிடம்தான் தோற்றுப்போகிறது.

விற்பவர்கள் புழு அறைகளைத் திறந்து காட்டிய பிறகே பெட்டியைத் தர வேண்டும். வாங்கியவர்களும் ஒரு பெட்டியின் அடை கட்டிய மரச்சட்டத்தை இன்னொன்றில் மாற்றாதீர்கள். வேறு கூட்டின் தேனையும் ஊட்டாதீர்கள், நோய் அதிலும் வரும். மாடியில் முருங்கை பூத்து நிற்கிறது. பக்கத்தில் பெட்டி சத்தமில்லாமல் கிடப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை