பழைய போர் விமானம் கேட்கும் ஊராட்சிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

பாலக்காட்டு எல்லையோர ஊராட்சித் தலைவர்களுக்கும் கல்லூரி நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

1963-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதில் ஒன்றை நம் ஊருக்கும் கேட்டு வாங்க வேண்டும் என்ற பேச்சு கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பக்கம் காதில் விழுகிறது. விமானப்படையில் பராமரிப்புப் பணி செய்து ஓய்வுபெற்ற நான் இந்த ஆசையை மனமார வரவேற்கிறேன். ஆனால், விமானத்துக்கு விண்ணப்பிக்கும்போதே, அதை எட்டிப் பராமரிக்கும் மேடைக்கும் பணம் ஒதுக்குங்கள் என்று வேண்டுகிறேன்.

உயரமான தூணில் மூக்கைத் தூக்கி நிறுத்திய விமானம் திறப்பு விழாவன்று கண்ணைப் பறிக்கும். அதன் பிறகு அதன் முதுகை யாரும் பார்ப்பதில்லை. வால்குழாயில் மைனா கூடு கட்டும், அந்தப் புல் மழைநீரை உறிஞ்சி வைத்திருக்கும், நீர் வடியும் அடித்துளைகளை வண்ணம் பூசுபவரே அறியாமல் அடைத்துவிடுவார். அவர் இரும்பு ஏணியை இறக்கையின் முன்விளிம்பில் சாய்த்தால் தகடு உள்வாங்கும். அடுத்த பருவமழைக்குள் அந்த இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும்.

1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் போரிட்டு வீரமரணம் அடைந்த நிர்மல்ஜித் சிங் சேகான் ஓட்டிய நாட் விமானம் மிகச் சிறியது. அதன் பெரும்பாலான பாகங்களை ஏணியின்றித் தரையில் நின்றே எட்டிவிடலாம். (அவருடைய 18-ஆம் படைப்பிரிவுதான் 2020-இல் நமக்கு அருகிலுள்ள சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் தொடங்கப்பட்டது.) மிக்-21 அப்படியல்ல. அதன் வால் உச்சி நான்கு மீட்டருக்கும் மேல். விமானி அறைக்குள் பார்க்கவே ஏணி வேண்டும்.

ஆகவே தூண் வேண்டாம். கூரையின் கீழ், கான்கிரீட் தளத்தில், சொந்தச் சக்கரங்களில் நிற்கட்டும்; டயர் வெடித்துச் சாயாதபடி எடையை இரும்புத் தாங்கிகள் ஏற்கட்டும். பூட்டும் சக்கரங்கள், கைப்பிடிக் கம்பி, விமானத்தைத் தொடும் விளிம்பில் தடித்த ரப்பர், இவ்வளவும் கொண்ட நகரும் மேடையைக் கஞ்சிக்கோட்டுப் பட்டறைகளிலேயே செய்து வாங்கலாம். வால் பக்கம் ஏறுபவருக்குப் பாதுகாப்புப் பட்டை கட்டாயம். மேடை விமானத்தைச் சுற்றிவரும் இடத்தையும் அடித்தளம் போடுவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படைத் தொழில்நுட்பர் ஒருவர்